டிரான்ஸ்ஃபார்மர் காகிதத்தின் வயதை எக்செலில் கணக்கிடுவது எப்படி?

எண்ணெயை வடிகட்டலாம், புஷ்ஷிங்கை (மின் இணைப்பு வெளியே வரும் இடத்திலுள்ள காப்பு) மாற்றலாம். உள்ளே இருக்கும் வைண்டிங் (சுருள்) கம்பியைச் சுற்றியிருக்கும் காகிதம் நைந்துபோனால் மட்டும் வைண்டிங்கையே பிரித்தாக வேண்டும். நான் பராமரிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், மே மாத இரவுகளில் எல்லா வீட்டு ஏசியும் ஒன்றாக ஓடும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்காகத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன்.

அடிப்படை, ஐஇசி என்ற சர்வதேச மின் தர அமைப்பின் 60076-7 வழிகாட்டி. முதலில் மீட்டரிலிருந்து லோடு சர்வேயை, அதாவது நேரவாரியான லோடு பதிவை, எடுங்கள். பக்கத்தில் வெளி வெப்பநிலை. ஒவ்வொரு வரியிலும் அந்த லோடுக்கு எண்ணெய் கடைசியில் எவ்வளவு சூடாகும் என்று கண்டுபிடித்து, இப்போதைய சூட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை மட்டும் கூட்டுங்கள். அந்தப் பங்கு, கால இடைவெளியை 180 நிமிடத்தால் வகுத்தால் வருவது. சிறிய விநியோக டிரான்ஸ்ஃபார்மரில் எண்ணெய் அவ்வளவு மெதுவாகத்தான் சூடேறும். எண்ணெயைவிட வைண்டிங் எவ்வளவு கூடுதல் சூடு என்பதற்கும் இதே முறைதான், ஆனால் அங்கே 4 நிமிடம்.

இங்கேதான் நான் தடுக்கினேன். மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒரு எண் தந்தது, அதையே இடைவெளியாக வைத்தேன். வெப்பநிலை மேலும் கீழும் குதித்து ஆயிரக்கணக்கில் போய்விட்டது. இடைவெளி அந்த 4 நிமிடத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 1 நிமிடம் வையுங்கள்.

சரி, அப்புறம் வயது. எண்ணெய்ச் சூட்டையும் அந்தக் கூடுதல் சூட்டையும் கூட்டினால் வைண்டிங்கின் மிகச் சூடான இடத்தின் வெப்பநிலை வரும். அதில் 98-ஐக் கழித்து, 6-ஆல் வகுத்து, வருவதை 2-க்கு அடுக்காகப் போடுங்கள். சாதாரண கிராஃப்ட் காகிதத்துக்கு முதுமை வேகம் அதுதான். 98 டிகிரியில் 1. ஒவ்வொரு 6 டிகிரிக்கும் இரட்டிப்பு.

தயவுசெய்து நாள் சராசரியை மட்டும் இதில் போடாதீர்கள். 20 மணி நேரம் 80 டிகிரி, 4 மணி நேரம் 116 டிகிரி என்று வைப்போம். சராசரி 86, அதன்படி ஒரு நாளில் 6 மணி நேர ஆயுள்தான் செலவு. மணிக்கணக்காகக் கூட்டினால் 34.5 மணி நேரம்! அதில் 32, அந்த நாலு மணி நேரத்தில் போனது. நாலைந்து வீடுகளின் தண்ணீர் மோட்டாரை இரவிலிருந்து காலைக்கு மாற்றச் சொல்ல எனக்கு இந்த ஒரு எண் போதுமானதாக இருந்தது.

இந்தச் சூத்திரம் உலர்ந்த காகிதத்துக்கானது. ஈரம் ஏறியிருந்தால் உண்மை இதைவிட மோசம். அதனால் எண்ணெயில் ஃபியூரான் (காகிதம் சிதையும்போது எண்ணெயில் கலக்கும் வேதிப்பொருள்) சோதனை செய்து ஒப்பிடுங்கள். ஓவர்ஹாலுக்குத் திறந்தால் ஒரு துண்டுக் காகிதம் எடுத்து டிபி (காகித மூலக்கூறுச் சங்கிலியின் நீளத்தைக் காட்டும் எண்) பாருங்கள்: புதிதில் 1000-க்கு மேல் இருக்கும், 200-க்கு வந்தால் ஆயுள் முடிந்தது என்று கணக்கு.