ஆஸ்திரேலியாவுல பழைய வேன் வாங்கி ஊர் சுத்தப் போறீங்களா?

ரெஜிஸ்ட்ரேஷனோட சிடிபி (கட்டாய தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்) இருக்கே, அப்புறம் எதுக்கு தனி இன்சூரன்ஸ்னு நிறைய பசங்க விட்டுடுறாங்க, ஆனா சிடிபி ஆளுக்கு அடிபட்டா மட்டும்தான், நீங்க போய் யாரோட பிஎம்டபிள்யூ பின்னாடியாவது இடிச்சு வச்சா அந்த பில் முழுசும் உங்க தலையிலதான். குறைஞ்சது அடுத்தவங்க வண்டி, சொத்துக்கு நீங்க பண்ற சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி ப்ராப்பர்ட்டி பாலிசியாவது போடுங்க, பழைய வண்டிக்கு அது போதும்னுதான் நான் சொல்வேன் (கங்காரு மேல மோதினா வண்டி ரிப்பேர் உங்க செலவு, அதனால பொழுது சாஞ்சப்புறம் ஓட்டாதீங்க). 25 வயசுக்கு கீழன்னா க்ளெய்ம் பண்றப்போ பொதுவா எக்ஸ்ட்ரா எக்ஸஸ் (க்ளெய்ம்ல நீங்க கையிலருந்து கட்ட வேண்டிய பங்கு) கேப்பாங்க, ஃப்ரெண்ட்ஸ் மாத்தி மாத்தி ஓட்டுறதா இருந்தா எல்லார் பேரையும் பாலிசில சேத்துடுங்க. அப்புறம் நியூ சவுத் வேல்ஸ்ல சிடிபிய க்ரீன் ஸ்லிப்னு தனியா வாங்கணும், விக்டோரியால ரெஜிஸ்ட்ரேஷன் காசுலயே சேர்ந்து வந்துடும்.