கரன்ட் பூஜ்யம், ஸ்க்ரூ காலி

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் போன மாதம் ஒரு எலக்ட்ரிக் லோடரின் பக்கெட் ஆக்சுவேட்டரை, அதாவது பக்கெட்டை அசைக்கும் மின் தண்டை, உடைத்தார்கள். டேட்டா லாகர் பதிவைத் திறந்து பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் நானும் இதே மாதிரிதான் உடைத்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்தான் கீழே இருப்பவை. கனெக்டரில் தண்ணீர் இறங்குவது, போல்ட்டை முறுக்க மறப்பது மாதிரியான விஷயங்களை இங்கே எழுதப் போவதில்லை. ஃபோர்மேன் போடும் சத்தத்திலேயே அதெல்லாம் சரியாகிவிடும்.

ஹைட்ராலிக் நினைப்பிலேயே இருப்பது

ஹைட்ராலிக் வண்டியில் பக்கெட் பாறையில் முட்டினால் ரிலீஃப் வால்வு திறக்கும், எண்ணெய் டேங்குக்குத் திரும்பும், சிலிண்டர் பிழைத்துக்கொள்ளும். யாரும் நிரல் எழுத வேண்டியதில்லை. 2022-இல் பாப்கேட் அறிமுகப்படுத்திய டி7எக்ஸ் லோடரில் ஹைட்ராலிக்கே கிடையாது, சிலிண்டர்களும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. இந்த வகை ஆக்சுவேட்டர்களில் பெரும்பாலும் மோட்டார் ஒரு பால் ஸ்க்ரூவை (மரைத் தடத்தில் சிறு குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) சுழற்றும், தண்டு நீளும். எண்ணெயும் இல்லை, வால்வும் இல்லை. அந்த வால்வு பார்த்த வேலையை இப்போது நம்முடைய கன்ட்ரோலர்தான் பார்க்க வேண்டும்.

கரன்ட்டை மட்டும் நம்புவது

இதுதான் இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு.

கணக்கு என்னவோ அழகாகத்தான் இருக்கும். டார்க் (சுழற்றும் விசை) கரன்ட்டுக்கு ஏற்றபடி கூடும், தண்டு தள்ளும் விசை டார்க்குக்கு ஏற்றபடி கூடும். ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகரும் ஸ்க்ரூவை 20 நியூட்டன் மீட்டர் டார்க்கில் சுழற்றினால், 90 சதவீதத் திறனில் சுமார் 11 கிலோநியூட்டன் கிடைக்கும், அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மேல். சரி, கரன்ட்டுக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டால் விசைக்கும் வரம்பு வந்துவிடும், வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

பால் ஸ்க்ரூவில் உராய்வு குறைவு. பாரம் அழுத்தினால் தானே பின்னோக்கிச் சுழலும். அதனால் ஆபரேட்டர் ஜாய்ஸ்டிக்கை விட்டதும் பிரேக் பிடித்துக்கொள்கிற மாதிரி செய்கிறோம். பிரேக் பிடித்த பிறகு மோட்டாருக்கு வேலை இல்லை, மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவ் அணைந்துவிடும், கரன்ட் பூஜ்யம். அப்புறம் ஆபரேட்டர் என்ன செய்வார்? பக்கெட்டைத் தரையோடு வைத்துக்கொண்டு வண்டியை ஜல்லிக் குவியலுக்குள் ஓட்டுவார். முழு வண்டியும் முட்டுகிற அதிர்ச்சி பக்கெட் வழியாக வந்து ஸ்க்ரூவின் குண்டுகளில் இறங்கும். திரையில் அப்போதும் 0 ஆம்ப்தான்.

எனக்கு முதல் ஆக்சுவேட்டர் போனபோது பதிவில் ஓவர்லோடு என்று ஒரு வரிகூட இல்லை. ஸ்க்ரூவைப் பிரித்தால் தடத்தில் வரிசையாகக் குழிகள். இரும்பைச் சரியாகக் கடினப்படுத்தவில்லை என்று சப்ளையருக்குக் காரமாக மெயில் அனுப்பினேன். புதியது வந்தது. சில வாரங்களில் அதுவும் அதே இடத்தில் போனது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வயதான மெக்கானிக், "தம்பி, வண்டி ஓடும்போது பக்கெட்டை யார் புடிச்சிருக்கா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சப்ளையரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய மெயில் இன்னும் என் கணக்கில் இருக்கிறது.

குழி பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்க்ரூவின் நிலைப் பாரத் தாங்குதிறனே (சுழலாமல் நிற்கும்போது தாங்கும் பாரம்) குண்டின் விட்டத்தில் 10,000-இல் ஒரு பங்கு நிரந்தரமாக அமுங்குவதை வைத்துத்தான் வரையறுக்கப்படுகிறது. அதைத் தாண்டிய முட்டல்கள் சேரச் சேர, குண்டு ஒவ்வொரு முறையும் அந்தக் குழியில் தட்டியபடியே ஓடும்.

தீர்வு என்று இப்போது நான் செய்வது: பக்கெட் மூட்டைக் கோத்திருக்கும் இரும்புப் பின்னுக்குப் பதிலாக விசையை அளக்கும் லோட் பின் போடுகிறேன். பிரேக் பிடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கெட் தரையோடு இருந்து வண்டி ஓடுகிறது என்றால் பிரேக்கைப் போடுவதில்லை. மோட்டாரே பிடித்திருக்கும், விசை வரம்பைத் தாண்டினால் கொஞ்சம் பின்வாங்கும். பழைய ரிலீஃப் வால்வு மாதிரியே. கூடவே சக்கர மோட்டாரின் டார்க்கையும் குறைத்துவிடலாம், இரண்டும் ஒரே கன்ட்ரோலரின் கையில்தானே இருக்கிறது. டீசல் வண்டியில் இது இவ்வளவு சுலபமில்லை.

ஒரு எச்சரிக்கை. பூம் (பக்கெட்டைத் தூக்கும் கை) மேலே தூக்கியிருக்கும்போது இந்தப் பின்வாங்கும் வேலையை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கீழே ஆள் நிற்பார். அங்கே பிரேக்தான், பாதுகாப்பு சக்கர டார்க்கைக் குறைப்பதில்தான்.

ரோட்டாரின் எடையை மறப்பது

ரோட்டார், அதாவது மோட்டாரின் சுழலும் பாகம், சின்னதுதானே என்று தோன்றும். நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி வேகத்தை மாற்ற அது காட்டும் எதிர்ப்பு) 0.001 கிலோகிராம்-சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதே 10 மி.மீ. ஸ்க்ரூ வழியாகப் பார்த்தால், தண்டின் முனையில் அது சுமார் 395 கிலோ எடை மாதிரி நடந்துகொள்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அதில் இருப்பது 49 ஜூல். தண்டு எதிலாவது முட்டி 1 மி.மீ.-க்குள் நின்றால் சராசரியாக 49 கிலோநியூட்டன், மேலே பார்த்த 11 கிலோநியூட்டன் வரம்பைப்போல் நான்கு மடங்குக்கு மேல். கரன்ட் வரம்பு இதைத் தடுக்காது, ஆற்றல் ஏற்கெனவே ரோட்டாருக்குள் ஏறிவிட்டது. தண்டு தன் நகர்வின் கடைசி எல்லையை நெருங்கும்போது வேகத்தை முன்கூட்டியே இறக்குங்கள். லிமிட் சுவிட்ச் கடைசித் தற்காப்புக்கு மட்டும்.

வெப்பம்

கரன்ட் இரட்டித்தால் சுருளில் சூடு நான்கு மடங்கு. உச்ச கரன்ட்டை மட்டும் பார்க்காமல், எவ்வளவு நேரம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பேட்டரி நிரம்பியிருக்கும்போது பூமை இறக்குவது

இறங்கும் பாரம் மோட்டாரை ஜெனரேட்டராக்கும். நிரம்பிய பேட்டரி அதை வாங்காது, மின்னழுத்தம் ஏறும், டிரைவ் பாதி வழியில் ட்ரிப் ஆகும். உபரி மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் வையுங்கள், இல்லையென்றால் காலையில் முதல் சில இறக்கங்களை மெதுவாக விடுங்கள்.

கேன் செய்தி நின்றுபோவது

கேன் என்பது வண்டியின் கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் தகவல் இணைப்பு. அதில் செய்தி நின்றால், கடைசியாக வந்த ஜாய்ஸ்டிக் கட்டளையைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. நில்.

டெமோவுக்காக லிமிட்டை ஏற்றுவது

டெமோ முடிந்ததும் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பையன்கள் உடைத்த வண்டியில் பக்கெட் லிமிட் இன்னும் டெமோ மதிப்பிலேயே இருந்தது. ஏற்றியது நான்.