ஏவுகணைச் சோதனையின் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடும் முறை: குமரிக் கடற்கரைக்கான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏவுகணைச் சோதனைத் தளம் எதுவும் இல்லை. இந்தியாவின் ஏவுகணைச் சோதனைகளுள் பெரும்பாலானவை ஒடிசாவின் சாந்திப்பூரிலிருந்தும், 2015இல் அப்துல் கலாம் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட வீலர் தீவிலிருந்தும் நடத்தப்படுகின்றன. எனினும் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் தங்குகடல் விசைப்படகுகள் அரபிக்கடலின் தொலைவான பகுதிகள் வரை சென்று வாரக்கணக்கில் தொழில் செய்கின்றன. அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் குலசேகரன்பட்டினத்திலோ திட எரிபொருள் ராக்கெட்டுகளுக்கான ஏவுதளம் உருவாகி வருகிறது. அது விண்வெளித் துறையின் தளமே தவிர இராணுவத் தளம் அன்று. ஆனால் எரிபொருளின் வேதியியல் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஊர்க் கமிட்டிகளும் பங்குப் பேரவைகளும் கல்லூரி ஆய்வகங்களும் இம்மதிப்பீட்டு முறையை அறிந்திருப்பது பயனுடையது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த எரிபொருள் என்பதாகும். திட எரிபொருளில் ஏறத்தாழ 70 விழுக்காடு, எரிவதற்கு ஆக்சிஜன் தரும் உப்பான அமோனியம் பெர்குளோரேட்டு. எஞ்சியது அலுமினியத் தூளும் ரப்பர் போன்ற பிணைப்புப் பொருளும் ஆகும். அது எரியும்போது வெளிவரும் புகையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் குளோரைடு. அலுமினியம் ஆக்சைடு தூசியும் பெருமளவில் வெளியேறும். ஹைட்ரஜன் குளோரைடு நீரில் கரைந்து அமிலமாகும். அமெரிக்க விண்வெளி ஓடங்கள் புறப்பட்ட நாள்களில் ஏவுதளத்தை ஒட்டிய ஆழமற்ற காயலில் சிறு மீன்கள் செத்து மிதந்ததற்கு இதுவே காரணம். திறந்த கடல் நீர் காரத்தன்மை உடையதாகையால் அமிலத்தை விரைவில் சமன்செய்துவிடும். அச்சத்திற்குரியவை குளங்களும் கழிமுகங்களுமே. திரவ எரிபொருளாயின் ஹைட்ரசீன் வகைச் சேர்மங்களும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் கவலைக்குரியவை. இவை எரியாமல் சிந்தும்போதே பெரும் தீங்கு விளைவிக்கின்றன.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வெற்றிகரமான சோதனையில் பெர்குளோரேட்டு ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடும். அது நிலத்தடி நீரில் சேர்வது, தயாரிப்பின் கழிவுநீர், கழிவு எரிபொருளைத் திறந்தவெளியில் எரித்தல், தோல்வியுற்றுச் சிதறிய சோதனை ஆகியவற்றால்தான். கேரளத்தின் ஆலுவாவில் அமோனியம் பெர்குளோரேட்டு ஆலைக்கு அருகிலிருந்த கிணறுகளில் இம்மாசு கண்டறியப்பட்டமை நமக்கு மிக அருகிலுள்ள சான்று. ஆதலால் திட்ட அறிக்கையில் இயல்பான ஏவுதலின் கணக்கு மட்டும் இருந்து, தோல்வி நேர்ந்தால் என்ன ஆகும் என்ற அத்தியாயம் இல்லையெனில், அவ்வறிக்கையைக் குறைபாடுடையதாகவே கருத வேண்டும்.

அடுத்த பணி, சோதனைக்கு முந்தைய நிலையைப் பதிவுசெய்தல். மற்ற மாவட்டங்களைவிட இங்கு இது இன்றியமையாதது. ஏனெனில் குமரிக் கடற்கரை இயற்கையிலேயே எளிதில் ஏமாற்றக்கூடியது. மணவாளக்குறிச்சிப் பகுதியின் மணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சிர்கான், மோனசைட்டு, கார்னெட்டு ஆகிய கனிமங்கள் செறிந்துள்ளன. எனவே கடற்கரை மணலில் டைட்டானியமோ அலுமினியமோ மிகுதியாக இருப்பதைக் காட்டி எதையும் நிறுவ இயலாது. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் கதிர்வீச்சு அளவியும் எந்த ஏவுகணையின் துணையுமின்றியே உயர்ந்த அளவைக் காட்டும். பெர்குளோரேட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. வாணவேடிக்கைகளில் பொட்டாசியம் பெர்குளோரேட்டு பயன்படுவதால், தீபாவளிக்கும் ஊர்த் திருவிழாக்களுக்கும் பின் எடுத்த கிணற்று நீரில் அதன் தடயம் தென்படலாம். திருவிழாவின் வெடியை ஏவுகணையின் தலையில் ஏற்றினால், பின்னர் உண்மையான பாதிப்பைச் சொல்லும்போதும் எவரும் நம்பமாட்டார்கள்.

ஆகவே ஓராண்டு முழுவதும், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் கோடையையும் உள்ளடக்கி, ஒரே கிணறுகளிலும் ஒரே குளங்களிலும் மீண்டும் மீண்டும் மாதிரி எடுக்க வேண்டும். தளத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள, அதே மண்வகை கொண்ட ஓர் ஊரையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெர்குளோரேட்டு நீரைக் கொதிக்கவைத்தாலும் நீங்காது. தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதை அது தடுக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2007இல் குடிநீரில் இதற்கு விதித்த வரம்பு, லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவை அறிய, நீரில் கரைந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி நிறப்பகுப்பு முறை தேவை. கடல்நீரிலும் உவர்ப்பு மிகுந்த கிணறுகளிலும் குளோரைடு இச்சோதனையைக் குழப்பும் என்பதால், அத்தகைய மாதிரிகளுக்கு, பொருளை அதன் மூலக்கூறு நிறையால் இனங்காணும் நிறை நிறமாலைக் கருவி உள்ள ஆய்வகத்தையே நாட வேண்டும். ஒவ்வொரு மாதிரிப் புட்டியிலும் நாள், நேரம், இடம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அப்போதே எழுதி ஒட்டாவிட்டால், பின்னாளில் அந்த முடிவை எவரும் ஏற்கமாட்டார்கள்.

மீன்பிடிப்புத் தரவிலும் இதே கவனம் வேண்டும். இம்மாவட்டத்திற்கு இரு தடைக்காலங்கள் உண்டு: கிழக்குப் பகுதியான சின்னமுட்டத்திற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் உள்ளிட்ட மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் பிடிப்பு குறைந்ததற்கான காரணம் புலப்படாது. சூரை, நெய்மீன், கணவாய் எனத் தனித்தனியாகவும், ஒரு படகு ஒரு நாளில் பிடித்த அளவாகவும் கணக்கிட வேண்டும்.

கடலில் பாதிப்பின் பெரும்பகுதி வேதியியல் சார்ந்ததன்று. தடுக்கப்பட்ட கடல்தான் இழப்பு. சோதனைக்கு முன் கடற்பகுதி மூடப்படுவதாக அறிவிக்கப்படும். கரையை விட்டு வாரங்கள் ஆன படகுக்கு அவ்வறிவிப்பு எவ்வாறு சென்றடையும் என்பதை மதிப்பீட்டில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். 2017இல் ஒக்கி புயலின்போது எச்சரிக்கை சென்றடையாமல் போனதை இக்கரை மறந்திருக்காது. எத்தனை நாள் எவ்வளவு பரப்பு மூடப்பட்டது, எத்தனை படகுகள் வழி மாறின, அதனால் எவ்வளவு டீசல் கூடுதலாயிற்று எனப் படகோட்டிகளின் குறிப்பேட்டிலிருந்தே தொகுக்கலாம். சாந்திப்பூரில் சோதனையின்போது அருகிலுள்ள கிராமத்தினரைத் தற்காலிகமாக அப்புறப்படுத்தி இழப்பீடு வழங்கும் வழக்கம் உள்ளது. கடலில் இழந்த நாளுக்கும் அத்தகைய கணக்கு கேட்பது நியாயமே.

வலையில் சிக்கும் சிதைவுகளைக் கையால் தொடலாகாது. உள்ளே எரியாத எரிபொருள் எஞ்சியிருக்கலாம். படமெடுத்து, ஜிபிஎஸ் அளவையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: நீருக்கடியில் அளந்த டெசிபலும் காற்றில் அளந்த டெசிபலும் வெவ்வேறு அடிப்படை அளவுகளைக் கொண்டவை, அவற்றை நேரடியாக ஒப்பிடும் அறிக்கையை நம்ப வேண்டாம். பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் சோதனை இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். அப்துல் கலாம் தீவில் ஆமைகளுக்காகவே இம்மாதங்களில் சோதனைகள் நிறுத்திவைக்கப்பட்டதுண்டு.

தகவல் பெறுவதே கடினமான பகுதி. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தேசப் பாதுகாப்புத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி அமைப்போ, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்று அச்சட்டத்தின் வரம்பிலிருந்து பெரும்பாலும் விலகி நிற்கிறது. அதனிடம் ஏவுகணையைப் பற்றிக் கேட்பதைவிட, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நீர்த்தர அளவீடுகளையும், மீன்துறையிடம் கடல் மூடல் அறிவிப்புகளின் நகல்களையும், வனத்துறையிடம் ஆமை முட்டைக் கணக்கையும், மாநில கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் தனித்தனி மனுக்களாகக் கேட்பதே பலன் தரும். ஒரே மனுவில் பல துறைகளின் பொருளைச் சேர்த்தால், மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.