சுவை சேர்த்த போர்ட்டரை ருசி பார்ப்பது எப்படி

பருவத்துக்கு ஒருமுறை வரும், போர்ட்டர் என்ற கறுப்பு பீரின் லேபிளில் காபி, வெனிலா, தேங்காய், ஆரஞ்சுத் தோல், இலவங்கப்பட்டை என்று ஏதாவது ஒன்று பெரிதாக எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுக் குடித்தால் மூக்கும் நாக்கும் அந்த ஒன்றைத்தான் தேடும். கிடைத்ததும் ‘ஆமாம், காபி இருக்கிறது’ என்பதோடு ருசி பார்ப்பது முடிந்துபோகும். சேர்த்த பொருளைக் கண்டுபிடிப்பதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை, லேபிளே சொல்லிவிட்டது. அதை எடுத்துவிட்டால் அடியில் குடிக்கத் தகுந்த ஒரு போர்ட்டர் மிஞ்சுமா என்று பார்ப்பதுதான் வேலை. கீழே சொல்லும் முறை முழுக்க அதற்காகத்தான்.

அடியில் இருக்க வேண்டிய போர்ட்டர்

போர்ட்டர் 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் வளர்ந்த பீர். அன்று அதற்குப் பழுப்பு மால்ட்தான் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஆதாரம். 1817-இல் டேனியல் வீலர் என்பவர் உருளையில் மால்ட் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பின் வெளிர் மால்ட்டோடு கொஞ்சம் கறுப்பு மால்ட் சேர்த்தாலே நிறமும் வறுத்த சுவையும் வந்துவிட்டன. ருசி பார்ப்பவருக்கு இதில் ஒரு விஷயம் முக்கியம். காபிக்கொட்டையோ கோக்கோவோ துளியும் படாத போர்ட்டரிலும் காபி, சாக்லேட் வாசனை வரும். அது மால்ட்டை வறுத்ததால் வருவது.

இங்கிலாந்து வகை 4 முதல் 5.4 சதவீத ஆல்கஹாலோடு மென்மையாக இருக்கும். பிஸ்கட், ரொட்டியின் மேலோடு, டாஃபி, கொஞ்சம் சாக்லேட், அவ்வளவுதான். அமெரிக்க வகை 4.8 முதல் 6.5 சதவீதம், வறுவலும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தூக்கலாக இருக்கும். பால்டிக் போர்ட்டர் 6.5 முதல் 9.5 சதவீதம் வரை போகும். அதைப் பெரும்பாலும் லாகர் ஈஸ்ட் போட்டுக் குளிர்ச்சியில் நொதிக்கவைப்பார்கள். உலர்திராட்சை, கருவெல்லப்பாகு போன்ற சுவைகள் கனமாக வரும், கருகல் குறைவு. கருகல் கசப்பு முன்னால் வந்து நின்றால் அது போர்ட்டரின் நெருங்கிய உறவான ஸ்டவுட் பீர் பக்கம் சாய்கிறது என்பார்கள். இந்த எல்லைக்கோடு மங்கலானது. லேபிளில் எந்தப் பெயர் இருக்கிறது என்று சண்டை போடுவதில் பயனில்லை.

முடிந்தால் சுவை சேர்க்காத ஒரு போர்ட்டரையும் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். அதே ப்ரூவரியின் (பீர் ஆலையின்) போர்ட்டர் என்றால் மிக நல்லது. கிடைக்காவிட்டால் ஆல்கஹால் அளவு ஒரு சதவீதத்துக்குள் ஒத்துவரும் எதுவும் போதும். இந்த ஒப்பீடு இல்லாமல் பார்த்தால் மால்ட்டின் காபி எது, கொட்டையின் காபி எது என்று பிரிப்பது கடினம்.

வாங்கும்போது

தேதியைப் பாருங்கள். ‘இதற்குள் பயன்படுத்தவும்’ என்ற தேதியைவிட அடைத்த தேதிதான் உதவும். காபி போட்டது அடைத்த இரண்டு மூன்று மாதத்துக்குள் குடிக்க வேண்டியது. காபியின் மேல் வாசனை முதலில் போய்விடும், பிறகு தட்டையான கசப்பு மட்டும் மிஞ்சும். வெனிலாவும் ஆரஞ்சுத் தோலும் மெல்ல மங்கும். இலவங்கப்பட்டை, கிராம்பு நின்று பிடிக்கும். மற்ற சுவைகள் மங்கும்போது இவை மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். மிளகாயில் பழ வாசனை போய்விடும், காரம் போகாது.

வெயில் படும் ஜன்னலோரத்திலோ பளிச்சென்ற விளக்கடியிலோ நின்ற தெளிந்த கண்ணாடிப் பாட்டிலை எடுக்காதீர்கள். ஒளி பட்ட ஹாப்ஸ் நாற்றமடிக்கும். பழுப்புப் பாட்டில் பெருமளவு காக்கும், கேன் முழுதும் காக்கும். பால் சர்க்கரையான லாக்டோஸ், பருப்பு வகைகள் சேர்த்திருக்கிறார்களா என்றும் படித்துவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த வகை பீர்களில் எதிர்பாராத தொல்லை இங்கேதான்.

கிளாஸ், குளிர்ச்சி, ஊற்றுவது

அடி அகன்று வாய் குறுகிய துலிப் கிளாஸ் சிறந்தது. இல்லாவிட்டால் காம்பு வைத்த ஒயின் கிளாஸ். கிளாஸில் எண்ணெய்ப் பசை இருந்தால் நுரை சாகும். உள்ளே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் பசை இருக்கிறது. கழுவியபின் சுடுநீரில் நன்றாக அலசிக் கம்பித் தட்டில் கவிழ்த்து உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் துணியின் வாசனையும் நூலும் ஒட்டும். ஃப்ரீசரில் வைத்துப் பனி படிந்த கிளாஸ் இதற்கு ஆகவே ஆகாது. குளிர் வாசனையை அடக்கிவிடும்.

குடிக்க ஏற்ற வெப்பநிலை 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். ஃப்ரிட்ஜ் பொதுவாக 4 டிகிரியில் இருக்கும். அறை வெப்பத்தைப் பொறுத்து 20 முதல் 30 நிமிடம் முன்னால் வெளியே எடுத்துவையுங்கள். ருசி பார்க்கும்போது 7 டிகிரி வாக்கில் தொடங்கி 14 வரை அதை ஏறவிடுவது நல்லது, ஏனென்றால் குறை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அந்த ஏற்றத்தில்தான் தெரியும். குளிர்ச்சியில் இனிப்பு அடங்கிக் கசப்பு நிமிர்ந்து நிற்கும். சூடு ஏறினால் இனிப்பும் ஆல்கஹாலும் சேர்த்த பொருளின் வாசனையும் மேலே வரும். குளிர்ந்திருக்கும்போது அருமையாக இருந்து 13 டிகிரியில் சிரப் குடித்தது போல ஆகிவிடும் பீர், சுவையை அளவு மீறிச் சேர்த்த பீர்.

கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பாதி ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் 2 முதல் 3 சென்டிமீட்டர் நுரை நிற்கும். ஒருவருக்கு ஒரு முறை 100 முதல் 150 மில்லி போதும். பாட்டிலில் ஈஸ்ட் படிந்திருந்தால் கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். நைட்ரஜன் வாயு நிரப்பிய கேன் மட்டும் விதிவிலக்கு. அதில் பலவற்றை நேராகக் கவிழ்த்து வேகமாக ஊற்ற வேண்டும், கேனில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

திறந்தவுடன் நுரை பொங்கி வழிந்தால் குலுங்கியிருக்கலாம், சூடாக இருந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் சேர்த்த பழத்திலோ மேப்பிள் சிரப்பிலோ இருந்த சர்க்கரை பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்திருக்கும். கூடவே புளித்த வாடையும் அடித்தால் கிருமி புகுந்துவிட்டது.

கண்ணால் பார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும். செல்போன் டார்ச்சைக் கிளாஸுக்குப் பின்னால் பிடித்தால் நல்ல போர்ட்டரின் ஓரம் மாதுளைச் சிவப்பில் தெரியும். தேங்காய், பருப்பு, கோக்கோ சேர்த்ததில் கொழுப்பு இருப்பதால் நுரை சீக்கிரம் அமுங்கும். அதற்காக மட்டும் மதிப்பைக் குறைக்க வேண்டாம்.

மூக்கு

ருசி பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, காரமான சாப்பாடு, பற்பசை, வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். ஊற்றிய அரை நிமிடத்துக்குள் முகரத் தொடங்குங்கள், சில வாசனைகள் அவ்வளவு நேரம்தான் தங்கும். முதலில் கிளாஸை மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் குறுக்கே ஒருமுறை நகர்த்துங்கள். இந்தத் தூரத்திலேயே வெனிலாவோ இலவங்கப்பட்டையோ முகத்தில் அறைந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாய்க்கருகே வைத்து இரண்டு மூன்று முறை சின்னதாக முகருங்கள். கடைசியாகக் கிளாஸை உள்ளங்கையால் மூடி, ஐந்து வினாடி சுழற்றி, கையை எடுத்ததும் ஆழமாக ஒருமுறை.

மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும். இடையிடையே சொந்த முழங்கை மடிப்பை முகர்ந்தால் திரும்பிவிடும். சேர்த்த பொருளை முதல் முறையிலேயே எழுதிவிட்டு, அடுத்த முறைகளில் அதை ஒதுக்கிவைத்துவிட்டு மால்ட்டை மட்டும் தேடுங்கள். ரொட்டி, டாஃபி, வறுத்த தானியம் எதுவுமே சிக்கவில்லையென்றால் அடியில் போர்ட்டர் இல்லை.

நாக்கு

முதல் மிடறைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது வாயைப் பழக்கத்தான். இரண்டாவது மிடறு 15 முதல் 20 மில்லி. மூன்று நான்கு வினாடி வாய்க்குள் சுற்றவிட்டு விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடியபடி மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த மூச்சில்தான் வருகிறது. பீரைத் துப்பிவிட்டு மதிப்பிட்டால் பாதியை இழந்துவிடுவோம்.

மூன்றாவது மிடறு மூக்கைப் பிடித்துக்கொண்டு. வெனிலா வாசனை, சர்க்கரை இல்லாத இடத்திலும் இனிக்கிறது என்று நம்பவைக்கும். மூக்கை அடைத்தபின்பும் இனிப்பு நின்றால் அது நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரை அல்லது லாக்டோஸ். இனிப்பு காணாமல் போனால் வெறும் வாசனை. கோக்கோத் துருவல் நேர் எதிர். வாசனை சாக்லேட்டாக இருக்கும், நாக்கில் இனிக்காது, கசந்து துவர்க்கும். சாக்லேட் மிட்டாயை எதிர்பார்த்துக் குடித்து ஏமாறுபவர்கள் ப்ரூவரியைக் குறை சொல்வது சரியில்லை.

விழுங்கிய பிறகு அரை நிமிடம் சும்மா இருங்கள். நல்ல போர்ட்டரில் சேர்த்த சுவை முதலில் விலகி, வறுத்த மால்ட்டும் மிதமான கசப்பும் கடைசியில் நிற்கும். மால்ட் முதலில் மறைந்து சேர்த்த சுவை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அளவு மீறிவிட்டது. உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. 50 மில்லியை எடுத்து, சுவை சேர்க்காத போர்ட்டர் 50 மில்லியோடு கலந்து பாருங்கள். கலந்தபின் மேலாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வறுத்த மால்ட்டுக்கே அமிலம் உண்டு. ஆகவே முடிவில் லேசான புளிப்பு தெரிவது இயல்பு. ஈறு இழுத்துப்பிடிக்கும் துவர்ப்பு வேறு விஷயம். அது இலவங்கப்பட்டையை அதிக நாள் ஊறவிட்டதாலும் வரலாம், மால்ட் உமியைக் கொதிநீரில் அதிகம் அலசியதாலும் வரலாம். வாசனையில் பட்டை பலமாக இருந்தால் முதலாவது.

தவறு என்று சந்தேகிக்க வேண்டியவை

காபி போர்ட்டரில் பச்சைக் குடைமிளகாய் வாசனை அடிக்கடி வரும் குறை. அது மால்ட்டிலிருந்து வருவதில்லை, காபியிலிருந்து வருவது. தேங்காய் போட்டதில் சோப்பு வாடையோ சிக்கு வாடையோ வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. ஈரமான அட்டைப்பெட்டி வாசனை, ஆக்சிஜன் புகுந்ததன் அடையாளம். கறுப்பு பீரில் மால்ட் அதை மூடிவிடுவதால், அதற்குப் பதில் ஷெர்ரி அல்லது பழைய உலர்திராட்சை வாசனையாக வெளிப்படும். வலுவான பால்டிக் போர்ட்டரில் ஓரளவு இருந்தால் அழகு, 5 சதவீத வெனிலா போர்ட்டரில் பழசாகிவிட்டது என்று பொருள். சோயா சாஸ் வாடை என்றால் செத்த ஈஸ்ட்டோடு நீண்ட நாள் கிடந்திருக்கும்.

வெண்ணெய் வாசனை, நொதிப்பில் உண்டாகும் டைஅசிடைல் என்ற பொருளால் வருவது. கேரமல், பட்டர்ஸ்காட்ச் என்று லேபிள் போட்ட போர்ட்டரில் இது சௌகரியமாக ஒளிந்துகொள்ளும். நாக்கில் வழுவழுவென்று எண்ணெய் பூசியது போல இருந்தால் சந்தேகப்படுங்கள். பச்சை ஆப்பிள் வாசனை, நொதிப்பு முடியும் முன் அடைத்துவிட்டதன் அறிகுறி. இரும்பு வாடை இருப்பது போலத் தோன்றினால் ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்து முகருங்கள், உண்மையிலேயே இருந்தால் அங்கே தூக்கலாகத் தெரியும். புகைச் சுவை சேர்த்ததில் மரப்புகை வேண்டியது, மருந்துப் பிளாஸ்திரி வாடை வேண்டாதது. அமெரிக்காவின் அலாஸ்கன் பீர் நிறுவனம் 1988 முதல் செய்துவரும் ஸ்மோக்டு போர்ட்டர், ஆல்டர் மரப்புகை ஏற்றிய மால்ட்டில் செய்வது. புகை எவ்வளவு போகலாம் என்பதற்கு அது நல்ல அளவுகோல்.

பல பாட்டில்கள் இருந்தால்

ஆல்கஹால் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். சுவை சேர்க்காதது முதலில், புகையும் மிளகாயும் கடைசியில். மிளகாய் போர்ட்டர் ஒன்றைக் குடித்தபின் நாக்கு வெகுநேரம் எதற்கும் உதவாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே வெறும் தண்ணீரும் உப்பில்லாத வெள்ளை ரொட்டியும் போதும். நான்கைந்துக்கு மேல் போனால் எழுதும் குறிப்புகளை நம்ப முடியாது. 8 சதவீதப் பால்டிக் போர்ட்டர் 330 மில்லியில் ஏறக்குறைய 21 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆகவே பாட்டிலைப் பகிர்ந்துகொள்ளுங்கள், வண்டி ஓட்டாதீர்கள்.

குறிப்பில் பீரின் பெயர், அடைத்த தேதி, எத்தனை டிகிரியில் என்ன தெரிந்தது, விழுங்கியபின் கடைசியில் நின்றது எது என்ற நான்கும் இருந்தால் போதும். திறந்த பாட்டில் மறுநாளுக்கு ஆகாது. திறக்காததை ஃப்ரிட்ஜில் நிற்கவைத்தே வையுங்கள். 8 சதவீதத்துக்கு மேற்பட்டதையும் மரப்பீப்பாயில் ஊறியதையும் 10 முதல் 13 டிகிரி இருட்டில் ஓராண்டு வைத்துவிட்டு, பழைய குறிப்போடு மீண்டும் ருசி பார்க்கலாம். காபி போட்டதை மட்டும் அப்படி வைக்காதீர்கள், வாங்கிய வாரமே குடித்துவிடுங்கள்.