மகள் பாயை நனைப்பது நின்றது இப்படித்தான்

ஆறு வயதாகியும் என் மகளுக்கு ராத்திரி பாயில் போவது நிற்கவில்லை. குழந்தை மருத்துவர் முதலில் கேட்டதே, "தினமும் ஒழுங்காக வெளிக்குப் போகிறாளா?" இல்லை, இறுகி, ஆட்டுப் புழுக்கை மாதிரிதான் போவாள். குடலில் மலம் தங்கினால் மூத்திரப்பையை அழுத்துமாம். மலமிளக்கி கொடுத்தார். கூடவே கீரை, கொய்யா, பகலில் நிறையத் தண்ணீர், பள்ளியிலும் இரண்டு மணிக்கொரு தடவை பாத்ரூம், படுக்கும் முன் ஒரு தடவை.

பாய்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய பருத்திப் புடவை. நனைந்தால் உருவிவிட்டு வேறொன்று விரிப்பேன். திட்ட யாரையும் விடவில்லை, என் மாமியாரைக்கூட. தூக்கத்தில் போவதற்குக் குழந்தை என்ன செய்யும்? மலச்சிக்கல் தீர்ந்ததும் நனைவது மெல்லக் குறைந்து நின்றது.

ஆறு மாதத்துக்குமேல் நனைக்காத குழந்தை மறுபடி ஆரம்பித்தாலோ, தாகம் அதிகமானாலோ, மூத்திரம் போகும்போது எரிச்சல் இருந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.