குவில்ட் தையலில் அரை நூல் பிசகினால்

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையான குவில்டுக்கு மூன்று அடுக்கு: துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. துண்டுகளை இணைப்பது பீசிங். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்டிங்.

புதிதாகத் தைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது பீசிங்கில்தான். ப்ளவுஸ் தைத்துப் பழகிய கை, பின்னால் பிரிக்க உதவுமே என்று தாராளமாகத் துணி விடும். இங்கே விட வேண்டியது கால் அங்குலம், அதாவது 2 நூல் மட்டுமே (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று மூன்றாக இணைத்தால் ஆறரை அங்குலக் கட்டம் வர வேண்டும். தையல் அரை நூல் உள்ளே போனால் ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமுமாக ஒரு நூல் குறையும். கட்டம் ஆறேகால் அங்குலத்தில் நின்றுவிடும். வரிசைக்கு எட்டுக் கட்டம் என்றால் 2 அங்குலம் போச்சு! அதனால் முதலில் சோதித்துப் பாருங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை இணைத்து இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்தால் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையலை ஒரு நூலிழை வெளியே தள்ளுங்கள். துணி மடியும் இடமும் கொஞ்சம் அளவைத் தின்னும்.

இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்கவே கூடாது. வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். இழுத்தால் கட்டம் கோணிப்போகும். தையல் ஓரத்தை அடர்நிறத் துணிப் பக்கம் மடியுங்கள். அடுத்த வரிசையில் எதிர்ப்பக்கம் மடிந்தால் சந்திப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு முனை சரியாகப் பொருந்தும்.

முக்கோணங்களை முதலிலேயே வெட்டி வைத்துக்கொள்வதும் தவறு. கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய ஓரம் தொட்டாலே இழுபடும். 3 அங்குலச் சதுரங்கள் இரண்டை நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்து, மூலைக்கு மூலை கோடு போடுங்கள். கோட்டின் இரு பக்கமும் 2 நூல் தள்ளித் தைத்த பிறகு கோட்டில் வெட்டி, விரித்து, இரண்டரை அங்குலத்துக்குச் சீராக்கினால் போதும்.

துணிகளைத் துவைப்பதானால் எல்லாவற்றையும் துவையுங்கள். பாதி துவைத்து, பாதி துவைக்காமல் கலந்தால், முதல் சலவையிலேயே சுருக்கம் விழும். அடர்சிவப்பு வெள்ளையில் சாயம் ஏற்றிவிடும்.

அடித்துணியை மேல்துணி அளவுக்கே வெட்டிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விடுங்கள். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து டேப் ஒட்டி, அதன்மேல் பேட்டிங்கையும் மேல்துணியையும் பரப்பி, 4 அங்குலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். ஓரத்திலிருந்து தைக்க ஆரம்பித்தால் தளர்ச்சி முழுக்க நடுவில் சேர்ந்து மடிப்பாகிவிடும். நடுவிலிருந்து வெளியே போங்கள். சாதாரண பிரஷர் ஃபுட்டில் மெஷினின் பல் அடித்துணியை இழுக்க, மேல்துணி பின்தங்கும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டினால் மூன்றும் ஒன்றாக நகரும்.

ஓரத்தைச் சுற்றி மூடித் தைக்கும் பைண்டிங் பட்டையின் அகலம் இரண்டரை அங்குலம், இரண்டாக மடித்தது. மூலையில் தொடங்காமல் ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். மூலைக்கு 2 நூல் முன்பே தையலை நிறுத்தி, பட்டையை மேலே மடித்துக் கீழே இறக்கித் தைத்தால், மூலை மொத்தையாகாமல் கூராக வரும்.