ஹெல்கோலாந்து கொடியும் சின்னமும்: ஸ்கேலும் பென்சிலும் போதும்

ஜெர்மன் ஊர்ச் சின்னங்களை வரைந்து பழக நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே சிங்கம், கழுகு என்று இறங்கி, நகம் வரைவதற்குள் அலுத்துப்போகிறார்கள். நான் ஹெல்கோலாந்தைத்தான் சொல்வேன். வடகடலில் இருக்கும் குட்டித் தீவு, ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தைச் சேர்ந்த ஊராட்சி. மிருகம் ஒன்றும் கிடையாது, மூன்று பட்டைகள்தான்.

படி 1: கொடி
15 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரத்தில் ஒரு செவ்வகம் போடுங்கள். ஜெர்மன் தேசியக் கொடிக்கும் இதே 3:5 விகிதம்தான். 3 செ.மீ.க்கு ஒரு கிடைக்கோடு இழுங்கள்.

படி 2: நிறம்
மேலே பச்சை, நடுவில் சிவப்பு, கீழே வெள்ளை. வரிசை மறந்துபோனால் தீவின் புகைப்படம் ஒன்றைப் பாருங்கள். உச்சியில் புல்வெளி, அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் செந்நிற மணற்பாறை, அடியில் வெண்மணல். அங்கே வழங்கும் பழைய சொலவடையும் இதே வரிசையில்தான் போகிறது: நிலம் பச்சை, விளிம்பு சிவப்பு, மணல் வெள்ளை. 1890இல் பிரிட்டன் தீவை ஜெர்மனிக்குக் கொடுப்பதற்கு முன்பே இந்த நிறங்கள் உண்டு. விக்டோரியா ராணியின் தலை பொறித்த ஹெல்கோலாந்து தபால்தலைகளிலும் பச்சையும் சிவப்பும்தான்.

படி 3: கேடயம்
மேல் விளிம்பு நேராக, அடிப்பகுதி வளைந்து வருமாறு வரைந்து, அதே பட்டைகளைப் போடுங்கள். கேடயத்தில் சின்னம் வரையும் மரபான சின்னக் கலையில் (heraldry) வெள்ளியும் வெள்ளையும் ஒன்றுதான். சாம்பல் நிறம் பூச வேண்டாம்.

படி 4: கலர் பென்சில் இல்லாமல்
எனக்குப் பிடித்த பகுதி இது. கறுப்பு மையில் மட்டும் அச்சிட்ட காலத்தில், 17ஆம் நூற்றாண்டிலேயே, நிறத்தைக் கோடுகளால் காட்ட ஒரு முறை வந்துவிட்டது. சிவப்புக்கு நெட்டுக்கோடு. பச்சைக்குச் சாய்கோடு. சரி, எந்தப் பக்கம் சாய்ப்பது? சின்னக் கலையில் வலம், இடம் எல்லாம் கேடயத்தை ஏந்தி நிற்பவருடையது. அவருடைய வலது மேல்மூலையில் தொடங்கி இடது பக்கம் கீழே இறங்க வேண்டும். எதிரே நின்று பார்க்கிற நமக்கு அது இடது மேலிருந்து வலது கீழ். மாற்றிச் சாய்த்தால் பச்சை போய் ஊதா ஆகிவிடும்!

கோடுகளுக்கு இடையே 2 மி.மீ. விட்டால் பார்க்க நன்றாக இருக்கும். அப்புறம், கடைசிப் பட்டையை வெறுமையாக விட்டுவிடுங்கள். அழகுக்காகக்கூடப் புள்ளி வைக்காதீர்கள். புள்ளி என்றால் தங்கம்.